ஆட்டுக்குச் சிவப்பு, பன்றிக்குப் பச்சை

சாமளாபுரம்,
11.2.2007, ஞாயிற்றுக்கிழமை.

கணியூரில் மக்காச்சோளக் காடும் என் மேல் கோபமுமாக இருக்கிற மாப்பிள்ளை சின்னான் அவர்களுக்கு, உங்கள் அக்காள் பழனியம்மாளின் புருஷன் மணியன் தன் கைப்பட எழுதிக்கொள்வது.

முதலில் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஒரு எழுத்து யானை மாதிரியும் அடுத்த எழுத்து எறும்பு மாதிரியும் இருக்கும். கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன், ஆனால் எழுத்துகள் கோட்டின் மேல் நடக்காமல் வரப்பில் இறங்கிப் போகிற மாடு மாதிரி போகின்றன. அறுபத்தெட்டு வயதில் பிடித்த பேனா. நான் அதை இழுக்கிறேனா அது என்னை இழுக்கிறதா என்று தெரியவில்லை. தாளின் ஓரத்தில் கட்டை விரல் கறை இருந்தால் பேனா ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்ளவும். இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கு நீங்களும் தங்கச்சி காளியாத்தாளும் தமிழ்மதியும் இரண்டு எருமைகளும் நலமாக இருக்க அம்மன் துணை. பன்றிகளின் நலத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. அவை உலகம் முழுவதும் நலம் என்று எங்கள் கம்பெனிச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவது உங்கள் பிள்ளை தமிழ்மதிதான் என்று தெரியும். கண்ணு, அவசரப்படாமல் வாசி. நான் ஒரு வரி எழுத ஒரு டீ ஆறிப்போகிறது. நீ ஒரே மூச்சில் முடித்துவிட்டால் எனக்கு மனசு கேட்காது.

மாப்பிள்ளை, போன திங்கட்கிழமை நீங்கள் கம்பெனிக்குப் போன் செய்தீர்கள். மேனேஜர் செல்வக்குமார் என்னைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தார். நீங்கள் பேசினீர்கள், நான் கேட்டேன், நீங்கள் வைத்துவிட்டீர்கள். "ஏனுங்க மாமா, உங்களுக்கு எழுத்து வந்துட்டுதுன்னு எங்காட்டுக்கு ஆட்டைக் கொண்டாந்து உட்டுட்டீங்களே! இனி எங்கூட்டு வாசப்படிய மிதிச்சீங்கன்னா பாருங்க!" என்று நீங்கள் சொன்னது ரிசீவருக்கு வெளியே செக்கிங் டேபிள் வரைக்கும் கேட்டது. எனக்குப் பதில் சொல்ல இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நடுவில் புகுந்து யாரும் பேச முடியாது. படிப்பு வந்ததில் நான் கண்ட முதல் லாபம் இது.

நடந்தது என்னவென்றால், எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பையர், அதாவது மொத்தமாக வாங்குகிறவன், குழந்தைகள் பனியனுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறான். ஒரு பெட்டிக்கு இரண்டு பனியன். சிவப்புப் பனியனில் நம் வரையாடு, பச்சைப் பனியனில் காட்டுப்பன்றி. சிவப்பு என்றால் அழியும் ஆபத்தில் இருக்கிற மிருகம், பச்சை என்றால் ஆபத்து இல்லாத மிருகம் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டுமாம். பேக்கிங்கில் உட்கார்ந்து ஆட்டுக்குச் சிவப்பு டேக்கும் பன்றிக்குப் பச்சை டேக்கும் கட்டுவது என் வேலை. சிவப்பு மட்டும் நாற்பதாயிரம் பனியன். வரையாடு மிச்சமிருப்பதே உலகத்தில் இரண்டாயிரம் அளவுக்குத்தான் என்கிறார்கள். ஒரு ஆட்டுக்கு இருபது பனியன் வருகிறது. எனக்கு இந்த வயதுவரை ஒரே நேரத்தில் நாலு இருந்ததில்லை. சாயப்பட்டறைப் பக்கம் போகும்போது ஓடையைப் பார்ப்பேன். ஓடை சிவப்பாகப் போனால் இன்றைக்கு ஆட்டைக் காப்பாற்றுகிறார்கள், பச்சையாகப் போனால் பன்றி ஓடுகிறது. அடுத்து மீன் படம் போட்ட பனியனுக்கு ஆர்டர் வராத வரைக்கும் நல்லது. வந்தால் ஓடைக்கு எந்த நிறம் விடுவது என்று திணறிப்போவார்கள்.

பையர் ஆட்கள் சோதனைக்கு வந்து, நீங்கள் தைப்பது என்ன மிருகம் தெரியுமா என்று கேட்டால் தொழிலாளர் பதில் சொல்ல வேண்டும் என்று டேக் டேபிளுக்கு எதிர்ச் சுவரில் தமிழில் பெரிய தாள் ஒட்டினார்கள். சிவப்புப் பாதியில் இப்படி இருக்கும்: வரையாடு நம் மாநில விலங்கு. நம் மேற்கு மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. உடனடியாகப் பாதுகாக்காவிட்டால் அழிந்துவிடும். பச்சைப் பாதியில் இப்படி: காட்டுப்பன்றி பல நாடுகளில் பரவியுள்ளது. எண்ணிக்கை மிகுதி. கவலைக்கு இடமில்லை. இந்தக் கடைசி வரியை நான் முதல் முதலில் எழுத்துக் கூட்டி வாசித்த அன்றைக்கு உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். மேனேஜரிடமே கேட்டேன்.

"ஏனுங்க, பன்னிக்குக் கவலைக்கு எடமில்லைன்னு போட்டிருக்குதுங்களே, இதை ஆருங்க முடிவு பண்ணுனது?"

"வெளிநாட்டு விஞ்ஞானிக பெரியவரே."

"அவிங்க மக்காச்சோளம் போடறதில்லீங்களா?"

"டேக்கைக் கட்டுங்க பெரியவரே, சிப்மெண்ட் இருக்குது," என்று போய்விட்டார்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற சித்ராதேவியை உங்களுக்குத் தெரியும், பொங்கலுக்கு முந்தின தடவை வந்தபோது பார்த்தீர்கள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண், எங்கள் கம்பெனியில் டெய்லர், சாயங்காலம் எங்கள் வீதியில் வளர்கல்வி மையம் நடத்துகிறது. நான் வீட்டுப் பாடம் எதைப் பார்த்து எழுதுவது என்று கேட்டதற்கு, "கம்பெனிச் செவத்துல என்ன ஒட்டியிருக்கோ அதைப் பாத்து எழுதுங்க தாத்தா. ஆனா பாத்து எழுதும்போது ஒரு புள்ளிகூட மாறக்கூடாது, பாத்துக்கிடுங்க. சொந்தமா எழுதுறதெல்லாம் பெறகு," என்றது. அப்படித்தான் நான் எழுத்தாளி ஆனேன். தீயணைப்புக் கருவியை எழுதினேன், அவசர வழியை எழுதினேன், இங்கே துப்பாதீர் எழுதினேன். வரையாட்டை மட்டும் நாற்பது தடவைக்கு மேல் எழுதியிருப்பேன்.

இந்த நிலைமையில்தான் மார்கழியில் நீங்கள் வந்தீர்கள். பன்றிக் கூட்டம் இறங்கிக் கதிரை நாசம் செய்கிறது, அடிக்கவும் கூடாது, சட்டம் இருக்கிறது, ஃபாரஸ்ட் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிப் போட வேண்டும், தமிழ்மதியை எழுதச் சொல்கிறேன் என்றீர்கள். அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை நீங்கள் போனில் நினைவுபடுத்தியே விட்டீர்கள். ஆமாம், சொன்னேன். "நானிருக்கைல பத்தாவது படிக்கிற புள்ளையக் கொண்டு எழுதறதுங்களா மாப்ளே? ஆபீசுக்குப் போற எழுத்துக்கு ஒரு கனம் வேணுமுங்க." சொன்னது நான்தான். தமிழ்மதி கண்ணு, இந்த இடத்தில் சிரிக்காமல் வாசி.

உட்கார்ந்தேன். மேலே என் பேர் எழுதினேன், உங்கள் பேர் எழுதினேன், கணியூர் எழுதினேன், உங்கள் மக்காச்சோளக் காட்டில் தினமும் இறங்கித் தின்கிறது என்று சொந்தமாகவே எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மனு என்றால் ஒரு அழுத்தம் வேண்டுமல்லவா. என்னிடம் இருந்த கனமான வாசகங்கள் சுவரில் இருந்தவைதான். பன்றிப் பாதியை எடுத்து எழுதலாம் என்றால், எண்ணிக்கை மிகுதி, கவலைக்கு இடமில்லை என்று முடிகிறது. கவலைக்கு இடமில்லை என்று எழுதினால் எந்த ஆபீசர் வண்டியை எடுப்பார்? சிவப்புப் பாதியில்தான் உடனடியாக என்று இருக்கிறது, அழிந்துவிடும் என்று இருக்கிறது. சரி, அதையே போடுவோம், பேரை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு புள்ளி மாறக்கூடாது என்று பழக்கிய கை, மாப்பிள்ளை. ஒரு புள்ளி மாறவில்லை. கடைசி வரிவரை ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கீழே மணியன் என்று கையெழுத்துப் போட்டேன். அதுவும் முதல் கையெழுத்து. திரும்பி வாசித்துப் பார்க்கத் தோன்றவில்லை. கவரில் போட்டு ஒட்டி, கம்பெனி வேன் நிற்கும்போதே இறங்கித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பன்றிக்கு மூன்று வருடமாக அலைந்தீர்களே, ஒருவர் எட்டிப் பார்த்தாரா? ஆட்டுக்கு மூன்றே வாரத்தில் ஆபீசர் வந்துவிட்டார், கூடவே கேமராவோடு ஒரு ஆராய்ச்சிக்காரரும் வந்துவிட்டார். நீங்கள் போனில் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். ஆபீசர் உங்களிடம் கேட்டாராம், "கொம்பு பின்னால வளைஞ்ச ஆடு தினமும் வருதாமே?" நீங்கள், "ஆடெல்லாம் இல்லீங்க சார், பன்னிங்க," என்றிருக்கிறீர்கள். அவர் மனுவைத் தூக்கிக் காட்டி, "நீங்க சொல்றது இருக்கட்டும். இதை எழுதினது விவரம் தெரிஞ்ச படிச்ச மனுஷர்," என்றாராம். மாப்பிள்ளை, உங்கள் கஷ்டத்தில் எனக்குப் பங்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு இடத்தில் என்னால் வருத்தப்பட முடியவில்லை.

ஆராய்ச்சிக்காரர் காட்டில் இறங்கிக் குளம்படியைப் பார்த்து, இரண்டாகப் பிளந்த குளம்பு, ஆடேதான் என்றாராம். பன்றிக்கும் பிளந்த குளம்புதான் என்று தங்கச்சி காளியாத்தாள் சொன்னதற்கு, நீங்கள் உள்ளே போங்கம்மா என்றாராம். சேற்றில் புரண்ட பள்ளத்தைக் காட்டியதற்கு, நாலாயிரம் அடி உயரத்தில் பனியில் இருக்கிற பிராணி கீழே இறங்கியதால் சூடு தாங்காமல் சேற்றில் புரளக் கற்றுக்கொண்டிருக்கிறது, இதுவரை யாரும் கண்டதில்லை என்று எழுதிக்கொண்டாராம். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் அதற்குத் தந்தம் மாதிரிப் பல் முளைத்ததையும் வெயிலின் மேல் போட்டிருப்பார். பிறகு வரப்பில் பலகை நட்டு, வரையாடு நடமாடும் பகுதி, சத்தம் போடாதீர் என்று எழுதி, தகர டின் தட்டக்கூடாது, பட்டாசு வெடிக்கக்கூடாது, சாயங்காலத்துக்கு மேல் யாரும் காட்டில் கால் வைக்கக்கூடாது, மறுநாளிலிருந்து காவலுக்கு ஜீப் வரும் என்று சொல்லிப் போனார்கள். அறுப்புக்குப் பதினைந்து நாள் இருக்கையில், பன்றி சத்தம் கேளாமல் நிம்மதியாகத் தின்கிறது, நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவ்வளவு முதல் போட்ட வெள்ளாமையை நான் நாலு வரியில் தொலைத்துவிட்டேன் என்பது உங்கள் குற்றச்சாட்டு. சரிதான். உங்கள் அக்காவும் அதையேதான் சொல்கிறாள். "கைநாட்டா இருந்த வரைக்கும் உங்களால ஊருக்கு ஒரு தொந்தரவில்லீங்க," என்கிறாள். சோறு போடும்போது மட்டும் சொல்கிறாள், அதனால் எழுந்துபோகவும் முடியவில்லை.

ஆனால் இத்தனை மாதமாக இரண்டு மிருகத்தையும் கையில் வைத்து டேக் கட்டிக் கட்டி எனக்கு ஒன்று விளங்கியிருக்கிறது. வரையாடு பாவம், ஒரு தடவைக்கு ஒரு குட்டி போடும். மலை உச்சியில் பாறையும் புல்லும் இருந்தால் போதும் என்று இருந்தது. புல் இருந்த இடத்தில் தேயிலை வைத்தார்கள், சீகை மரம் நட்டார்கள். நாம் வைத்ததைத் தின்ன அது கற்றுக்கொள்ளவில்லை. அதற்குச் சிவப்பு டேக். பன்றி அப்படியில்லை, நாலைந்து குட்டி, சில சமயம் எட்டு. கடலை வைத்தால் கடலை, கிழங்கு வைத்தால் கிழங்கு, மக்காச்சோளம் வைத்தால் மக்காச்சோளம். நாம் எதை வைத்தாலும் தின்கிறது. அதற்குப் பச்சை டேக். சட்டத்தில் ஆடு முதல் பட்டியலில் இருக்கிறது, பன்றி மூன்றாவது பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் தொடக்கூடாது. ஆட்டைத் தொடாததால் ஆட்டுக்கு லாபம், பன்றியைத் தொடாததாலும் பன்றிக்குத்தான் லாபம். கணியூர் சின்னான் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று சுவர் முழுக்கத் தேடினேன். அவசர வழிக்குப் பக்கத்தில்கூட இல்லை.

சோதனைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தபோது இதை நான் சொல்லியே விட்டேன். "பெரியவர் என்ன சொல்கிறார்?" என்று அவள் கேட்டிருக்க வேண்டும், செல்வக்குமார் அவள் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். அம்மாள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். என்ன சொன்னீங்க என்று பிறகு கேட்டேன். "ஆட்டை நெனச்சா உங்களுக்குச் சோறு எறங்கலைன்னு சொன்னேன் பெரியவரே." அன்றைக்கு உங்கள் அக்கா கறிக்குழம்பு வைத்திருந்தாள். நன்றாகவே இறங்கியது.

இனிமேல் நீங்கள் சந்தோஷப்படுகிற சேதி. செய்த தப்பை நானே திருத்திவிட்டேன். போன வியாழக்கிழமை லீவு போட்டு, பஸ் ஏறி, ஆபீசுக்கு நேரில் போனேன். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. முழுக்க முழுக்க என் சொந்த வாசகம். ஐயா, நான் முன்பு எழுதியது தவறு, வருவது ஆடு அல்ல, பன்றி, பலகையைப் பிடுங்கிவிட்டு எங்களை டின் தட்ட விடுங்கள் என்று ஒரு முழுப் பக்கம். சித்ராதேவி பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல ஒரு பிழையில்ல," என்றது. ஆபீசில் மேசைக்குப் பின்னால் இருந்த கிளார்க் முதலில் நிமிரவே இல்லை.

"என்ன வேணும் பெரியவரே?"

"கணியூர்ல வாரது ஆடு இல்லீங்க. பன்னிங்க."

"பன்னியா? பன்னிக்கு எதுக்கு இங்க வந்தீங்க? ஜீப்பெல்லாம் ஆட்டுக்குத்தான்."

"அதைத்தானுங்க எழுதியிருக்கறேன். ஜீப்பைத் திருப்பிக் கூப்புட்டுக்கங்க."

அவர் என் வேட்டியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரே நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆகவே மாப்பிள்ளை, இந்த வாரமே பலகை போய்விடும், ஜீப்பும் போய்விடும், பழையபடி நீங்கள் டின் தட்டலாம். என்னைப் பழையபடி வாசப்படி ஏற்றுவீர்கள் என்று நம்புகிறேன். எழுத்தால் வந்த கெடுதலை எழுத்தாலேயே தீர்த்துவிட்டேன். தமிழ்மதிக்கு என் ஆசி, அது காலேஜ் வரை படிக்க வேண்டும், மனு எழுதும்போது திரும்ப ஒரு தடவை வாசிக்க வேண்டும். தங்கச்சிக்கு என் விசாரிப்பு. உங்கள் காட்டுக் கதிரெல்லாம் உங்கள் வீட்டுக்கே வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்,
மணியன்
(கையெழுத்து நானே போட்டது)

பின்குறிப்பு. செவ்வாய்க்கிழமை. கவரை ஒட்டும் முன் தபால்காரர் வந்துவிட்டார். மாப்பிள்ளை, மேலே எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. பேனா ஒழுகவில்லை. பேனா மை நீலம், கறை ஊதா, எத்தனை தேய்த்தும் விரலை விட்டுப் போகாத மை, தமிழ்மதி முதல் தாளிலேயே கண்டுபிடித்திருக்கும். கிளார்க் தாளைத் திருப்பிவைத்தார் என்றேனே, அப்படியே மை டப்பாவின் மூடியையும் திறந்து நகர்த்தி வைத்தார். வேட்டி துண்டோடு ஒரு கிழவன் வந்தால் அவர்கள் டப்பாவை நகர்த்துவார்கள், டப்பா நகர்ந்து வந்தால் என் கட்டை விரல் தானாகப் போய்விடும். ஐம்பது வருடப் பழக்கம். ஒரு முழுப் பக்கம் பிழையில்லாமல் எழுதிவிட்டு அடியில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன். வெளியே வந்து விரலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சித்ராதேவியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த மனு திரும்பி வந்துவிட்டது. எழுதத் தெரிந்தவர் கைரேகை வைக்க வேண்டியதில்லை, கைரேகை வைப்பவர் இதை எழுதியிருக்க முடியாது, ஆகவே ஏற்பதற்கில்லை, முறையாகக் கையொப்பமிட்ட முந்தைய மனுவே நடப்பில் உள்ளது என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். அதாவது சர்க்கார் கணக்கில் உங்கள் காட்டில் வருவது இன்னமும் வரையாடுதான்.

தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது கம்பெனி வேன் டிரைவர் ஜெயபாண்டி வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குக் கணியூர் போனவர், உங்கள் காட்டு வழியாக வந்திருக்கிறார். "என்னண்ணே, ஒங்க மச்சினர் காட்டச் சுத்தி விளக்கப் போட்டுக்கிட்டு ஜீப்பு சுத்துது, ரெண்டு ஃபாரஸ்ட் கார்டு நிக்கிறான்! ஆளையும் விடல, பன்னியையும் விடல. ஒரு வாரமா ஒரு கதிர் போகலைன்னு அந்த மனுசன் வரப்புல நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்காரு!" என்றார். நீங்கள் சிரித்தீர்களாம். எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம்.

ஆகையால் மேலே நான் எழுதியது எதையும் வெளியே சொல்ல வேண்டாம். அறுப்பு முடியும் வரை டின் தட்ட வேண்டாம், பலகையைத் தொட வேண்டாம். ஆபீசர் கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம். "நீங்க படிச்சவிங்க, நீங்க ஆடுன்னா ஆடுதானுங்க," என்றால் போதும். நான் அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். உங்களுக்குத்தான். ஆபீசுக்கு, கடைசிக் கதிர் உங்கள் வீடு வந்து சேர்ந்த மறுநாள் எழுதுவேன், கையெழுத்துப் போட்டு.